ஆயாவுக்கு வசனம் கேட்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சப்டைட்டில் தெரிய வேண்டும்

டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வீட்டில் தமிழ்ப் படம் ஓடுகிறது என்றால், அங்கே இரண்டு விதமான ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆயாவும் தாத்தாவும் வசனத்தைக் காதில் வாங்கித்தான் படம் பார்ப்பார்கள். இங்கிலீஷ் பேசியே வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குக் கீழே ஓடுகிற சப்டைட்டில்தான் படம். வசனம் கேட்காவிட்டால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், எழுத்து தெரியாவிட்டால் சின்னவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். இந்த இரண்டுமே பெரும்பாலும் டிஸ்க்கின் கோளாறும் இல்லை, பிளேயரின் கோளாறும் இல்லை. செட்டிங் மெனுவில் யாரும் தொடாமல் விட்ட இரண்டு மூன்று வரிகள்தான் காரணம். சொந்தக்காரர் வீடுகளில் இதையே திரும்பத் திரும்பச் சரி செய்து கொடுத்ததில், அந்த வரிகளில் இருக்கும் சொற்களுக்கு என்ன பொருள் என்று எழுதி வைத்தால் நீங்களே செய்துகொள்ளலாமே என்று தோன்றியது.

பிளேயரைத் தொடுவதற்கு முன்னால் டிஸ்க் உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரிசை இருக்கும், அதில்தான் பாதி விஷயம்.

முதலில் அது எந்த வகை டிஸ்க் என்று பார்க்க வேண்டும். விசிடி, டிவிடி, புளூரே மூன்றும் ஒரே 12 சென்டிமீட்டர் அகலம்தான், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே எவ்வளவு அடங்கும் என்பதில்தான் எல்லாம். விசிடியில் சுமார் 700 மெகாபைட், அதனால்தான் ஒரு படம் இரண்டு மூன்று தட்டாக வந்தது. டிவிடியில் ஓர் அடுக்கு என்றால் 4.7 ஜிகாபைட், இரண்டு அடுக்கு என்றால் 8.5. புளூரேயில் 25 அல்லது 50. எழுத்து எவ்வளவு பொடியோ அவ்வளவு அதிகமாக ஒரு பக்கத்தில் எழுதலாம் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்: சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூரேக்கு 405. டிவிடி பிளேயரில் புளூரே ஓடாது, புளூரே பிளேயரில் டிவிடி ஓடும். இரண்டு அடுக்கு டிவிடியில் படத்தின் நடுவே எங்காவது ஒரு நொடி படம் நின்று போகும். லேசர் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடம் அது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

இங்கே பிட்ரேட் என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ஒரே டிஸ்க்கில் 3 படம்' என்று விற்பதை நம் ஆட்கள் ஆசையாக வாங்குவார்கள். ஒரு நொடிப் படத்துக்கும் ஒலிக்கும் எவ்வளவு தகவல் ஒதுக்கியிருக்கிறது என்பதுதான் பிட்ரேட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை 8.5 ஜிகாபைட்டில் வைத்தால் நொடிக்குச் சராசரியாக 7.5 மெகாபிட் கிடைக்கும். அதே மாதிரி மூன்று படத்தை 4.7 ஜிகாபைட்டில் திணித்தால் 1.4 மெகாபிட்தான். அப்போது கூட்டம் ஆடும் பாட்டிலும் மழைக் காட்சியிலும் படம் சதுரம் சதுரமாக உடையும். டிவியை மாற்றினாலும், விலை கூடிய கேபிள் போட்டாலும் அது சரியாகாது. முடிந்தால் ஒரு டிஸ்க்கில் ஒரு படம் இருப்பதையே வாங்குங்கள்.

அடுத்தது ரீஜன், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடலாம் என்று போட்ட பூட்டு. உறையில் உலக உருண்டை மாதிரி ஒரு படத்துக்குள் ஓர் எண் இருக்கும். டிவிடியில் தென்னாப்பிரிக்கா 2, இந்தியா 5, மலேசியாவும் சிங்கப்பூரும் 3. பக்கத்திலேயே இருக்கும் பல ஆப்பிரிக்க நாடுகள் 5, நாம் ஐரோப்பாவோடு சேர்ந்து 2. ஆகவே, சென்னையிலிருந்து சித்தி கொண்டு வந்த டிஸ்க்கில் 5 என்று மட்டும் போட்டிருந்தால், இங்கே வாங்கிய பூட்டு எடுக்காத பிளேயர் அதை ஏற்காது. நல்ல வேளையாகத் தமிழ்ப் பட டிவிடிகளில் பல 'ஆல்' அல்லது 0 என்றே வரும், அவை எதிலும் ஓடும். புளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: நாம் பி, இந்தியா சி, மலேசியா ஏ. புளூரேக்காரர்கள் இந்த எழுத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. 4கே புளூரேக்கு ரீஜன் பூட்டே கிடையாது. கணினியில் டிவிடி போடும்போது ரீஜன் மாற்றவா என்று கேட்டால் யோசித்துச் சரி சொல்லுங்கள், 5 முறைதான் மாற்ற முடியும், பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

ரீஜன் வேறு, பேல் - என்டிஎஸ்சி வேறு. பேல், என்டிஎஸ்சி இரண்டும் டிவிக்குப் படத்தை அனுப்பும் முறைகள், பூட்டு அல்ல. ரீஜனையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 1976 ஜனவரியில் இந்த நாட்டில் டிவி தொடங்கியபோதே பேல் முறைதான், இந்தியாவிலும் பேல்தான். ஆனால் தமிழ் டிவிடிகளில் நிறைய என்டிஎஸ்சியில் வந்தன, அமெரிக்கா கனடா வரை விற்க வேண்டுமே. பேல் டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப் படம். என்டிஎஸ்சியில் 720க்கு 480, நொடிக்கு ஏறத்தாழ 30. எங்கள் வீட்டில் பழைய டப்பா டிவி இருந்தபோது, அப்பா ஆசையாக வாங்கி வந்த புதுப் படம் ஒன்று கறுப்பு வெள்ளையில் ஓடியது. கடைக்காரர் பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டார் என்று அப்பா சண்டைக்கே போய்விட்டார். டிஸ்க் என்டிஎஸ்சி, டிவி பேல் மட்டும் தெரிந்தது, நிறத்தைப் பிரித்தெடுக்க அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிளேயர் மெனுவில் 'டிவி டைப்' என்று ஒரு வரி இருக்கும். பழைய பேல் டிவி என்றால் பேல் என்று வையுங்கள், பிளேயரே மாற்றிக் கொடுக்கும். இன்றைய தட்டை டிவி என்றால் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

பாட்டுக் கேட்பவர்களுக்காக ஒன்று. சினிமா நொடிக்கு 24 பிரேம். பேல் டிவிடியில் அதைக் கொஞ்சம் வேகப்படுத்தி 25 ஆக ஓட்டுவார்கள், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாடகர் குரலும் சற்று ஏறிக் கேட்கலாம். சிடியில் கேட்டுப் பழகிய பாட்டு படத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று தாத்தா சொன்னால் அவர் காது சரியாகத்தான் இருக்கிறது. என்டிஎஸ்சி டிஸ்க்கில் வேகம் மாறாது, ஆனால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசாகத் தட்டித் தட்டிப் போகும். புளூரேயில் 24 பிரேமை அப்படியே வைக்கலாம். மெனுவில் '24பி அவுட்புட்' இருந்தால், டிவி ஏற்றுக்கொண்டால், போட்டுவிடுங்கள்.

சரி, கேபிளுக்கு வருவோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்து வருவதில் மஞ்சள்தான் படம், காம்போசிட் என்பார்கள். வெள்ளையும் சிவப்பும் இடது வலது ஒலி. பச்சை, நீலம், சிவப்பு மூன்றாக இருந்தால் அது காம்போனென்ட், மூன்றுமே படத்துக்குத்தான், ஒலிக்கு வெள்ளை சிவப்பைத் தனியாகப் போட வேண்டும். இரண்டு சிவப்பு இருப்பதால் மாற்றிச் செருகிவிட்டு, படம் பச்சையாக வருகிறது என்பார்கள். எச்டிஎம்ஐ இருந்தால் அதையே போடுங்கள், ஒரே கேபிளில் படமும் ஒலியும் போய்விடும், மஞ்சள் கேபிளைவிடப் படம் நன்றாகத் தெளியும். எச்டிஎம்ஐ கேபிளில் விலை கூடினால் படம் கூடும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். டிஜிட்டல் சிக்னல் சேர வேண்டியபடி சேர்ந்துவிட்டால் சாதாரணக் கேபிளிலும் அதே படம்தான்.

576ஐ, 576பி, 1080பி என்று மெனுவில் வருமே, எண் என்பது படத்தில் உள்ள வரிகளின் எண்ணிக்கை. 'ஐ' என்றால் இன்டர்லேஸ், ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று மாறி மாறி அனுப்புவது. 'பி' என்றால் புரோகிரசிவ், எல்லா வரியும் ஒன்றாக. வேகமாக அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ் சரியாகச் சேராததால் வருவது. எச்டிஎம்ஐயில் இருக்கிறீர்கள் என்றால் 1080பி வைத்துக்கொள்ளுங்கள். டிவிடியைப் பெரிதாக்கிக் காட்டுவதை அப்ஸ்கேலிங் என்பார்கள், பிளேயர் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கோலத்தைப் பெரிதாகப் போட்டால் புள்ளி கூடிவிடாது, டிஸ்க்கில் இல்லாத முகச் சுருக்கம் அதில் வராது. ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மென்மையாகும். மஞ்சள் கேபிளில் இருந்துகொண்டு 'புரோகிரசிவ் ஆன்' என்று அழுத்தினால் சில பிளேயர்களில் படமே போய்விடும், மெனுவைக்கூடப் பார்க்க முடியாது. பதற வேண்டாம், ரிமோட்டில் அல்லது பிளேயர் முகப்பில் 'பி-ஸ்கேன்' அல்லது 'வி-மோட்' என்ற பட்டன் இருக்கும், டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு அதை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

படத்தின் வடிவம்தான் நான் அதிக வீடுகளில் தப்பாகப் பார்த்தது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் பழைய டிவியில் 4:3, இன்றைய டிவியில் 16:9. பிளேயர் மெனுவில் 'டிவி ஷேப்' அல்லது 'ஆஸ்பெக்ட்' என்ற வரியில் 4:3 எல்பி, 4:3 பிஎஸ், 16:9 என்று மூன்று இருக்கும். எல்பி என்றால் லெட்டர்பாக்ஸ், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டுவது. பிஎஸ் என்றால் பேன் அண்ட் ஸ்கேன், பக்கங்களை வெட்டிவிட்டுத் திரையை நிரப்புவது. தட்டை டிவி வாங்கிய பிறகும் பழைய பிளேயரில் 4:3 அப்படியே இருந்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். 16:9க்கு மாற்றினால் தீர்ந்தது. அகலத்திரைப் படம் 2.35:1, அது 16:9 டிவியைவிடவும் அகலம், ஆகவே எல்லாம் சரியாக இருந்தாலும் மேலும் கீழும் கறுப்பு இருக்கத்தான் செய்யும். அதை ஜூம் செய்து நிரப்பாதீர்கள். படத்தின் இரு பக்கமும் போய்விடும், அதைவிட மோசம், பல தமிழ் டிஸ்க்குகளில் சப்டைட்டில் கீழே உள்ள அந்தக் கறுப்புப் பட்டையில்தான் ஓடும், ஜூம் போட்டால் எழுத்து பாதி வெட்டுப்பட்டுவிடும். எங்கள் அக்கா பிள்ளைகள் மாதக்கணக்கில் இப்படிப் பாதி வரியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சில பழைய டிஸ்க்குகள் அனமார்பிக் முறையில், அதாவது அகலப் படத்தை இறுக்கிப் பதிந்து காட்டும்போது விரிக்கும் முறையில், செய்யப்படாதவை, அவை 16:9 டிவியில் நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்ட மாதிரி சின்னதாக வரும். அப்போது மட்டும் டிவி ரிமோட்டில் ஜூம் போட்டுப் பாருங்கள், எழுத்து தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்னப் படமே மேல்.

இனி ஒலி. ஆயாவின் புகார் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "பேசறது ஒண்ணும் விளங்கல, சண்டை வந்தா வீடே இடியுது." அவருக்குக் காது மந்தம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கு ஐந்து தடம், கூடவே தாழ்ந்த அதிர்வுக்கு மட்டும் ஒரு குறுகிய தடம், அதுதான் அந்த .1. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். நம் டிவியில் நடு ஸ்பீக்கர் ஏது, இரண்டே இரண்டுதான். அப்போது பிளேயர் ஆறு தடத்தையும் கலந்து இரண்டாக்குகிறது, இதற்குப் பெயர் டவுன்மிக்ஸ். வசனத்தோடு சுற்றிலும் இருக்கிற ஓசையும் இசையும் ஒரே இடத்தில் வந்து நெருக்குகின்றன. அதோடு தியேட்டருக்காகச் செய்த ஒலியில் மெல்லிய பேச்சுக்கும் குண்டு வெடிப்புக்கும் இடைவெளி மிகப் பெரியது. இதை டைனமிக் ரேஞ்ச் என்பார்கள். ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மெனுவில் 'டிஆர்சி', 'டைனமிக் ரேஞ்ச்' அல்லது 'நைட் மோட்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள், சத்தம் அதிகமான இடத்தை அடக்கி மெல்லிய இடத்தைத் தூக்கிவிடும். 'டவுன்மிக்ஸ்' என்ற வரியில் 'ஸ்டீரியோ' வையுங்கள். அப்புறம் டிஸ்க்கிலேயே 'ஸ்டீரியோ' அல்லது 2.0 என்று தனித் தடம் இருந்தால் ரிமோட்டில் 'ஆடியோ' பட்டனை அழுத்தி அதற்கு மாறுங்கள். டிவி மட்டும் உள்ள வீட்டுக்கு அதுவே சிறந்தது. பழைய படங்களைப் பிற்காலத்தில் 5.1 ஆக்கி விற்றார்கள். ஒரே தடத்தில் பதிவான ஒலியை ஆறாகப் பிரித்துப் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அவற்றில் 'மோனோ' தடம் இருந்தால் நான் அதைத்தான் போடுவேன்.

டிஸ்க்கைப் போட்டால் படம் வருகிறது, சத்தமே இல்லை. இது இரண்டாவது பெரிய புகார். காரணம் பத்துக்கு ஒன்பது தடவை டிடிஎஸ் தடம். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டும் ஒலியை இறுக்கிக் கட்டி வைக்கும் முறைகள், பிசிஎம் இறுக்காத ஒலி. டிவிடி பிளேயர் டால்பி டிஜிட்டலையும் பிசிஎம்மையும் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும், டிடிஎஸ் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆகவே மலிவான பிளேயர்கள் டிடிஎஸ்ஸைப் பிரிக்காமல் மௌனமாகிவிடும். 'ஆடியோ' பட்டனால் டால்பி தடத்துக்கு மாறினால் சத்தம் வந்துவிடும். அதிலும் வராவிட்டால் மெனுவில் 'டிஜிட்டல் அவுட்புட்' அல்லது 'எஸ்பிடிஐஎப்' என்ற வரியைப் பாருங்கள். 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்றால் ஒலியைப் பொட்டலம் கட்டியபடியே வெளியே அனுப்புவது, பிரிக்க வேண்டியது அடுத்த கருவி. 'பிசிஎம்' என்றால் பிளேயரே பிரித்து அனுப்புவது. டிவி மட்டும் இருக்கிறதா, பிசிஎம். ஐந்து ஸ்பீக்கர் கட்டிய ரிசீவர் இருக்கிறதா, பிட்ஸ்ட்ரீம். சவுண்ட்பாரை டிவி வழியாகப் போட்டால் டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில்தான் செருக வேண்டும், பக்கத்துத் துளையில் செருகினால் ஒலி திரும்பி வராது.

டால்பியா டிடிஎஸ்ஸா எது உசத்தி என்று கல்யாண வீட்டில்கூட வாதம் நடக்கும். டிவிடியில் டால்பி 5.1 நொடிக்கு 384 அல்லது 448 கிலோபிட், டிடிஎஸ் 754 அல்லது 1509. எண்ணைப் பார்த்தால் டிடிஎஸ் பெரிசு. என் காதுக்குத் தெரிந்தவரை, ஒலியை நன்றாகக் கலந்தவர் கைதான் அதைவிட முக்கியம். இரண்டுமே காதுக்கு எட்டாததைக் கழித்து இறுக்கிக் கட்டியவை. எதையும் கழிக்காமல் கொடுப்பது புளூரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும். அவை ஆப்டிகல் கேபிளில் முழுதாகப் போகாது, எச்டிஎம்ஐ வேண்டும்.

உதடு அசைவதற்கு முன்னால் குரல் முந்திக்கொண்டால் 'ஆடியோ டிலே' வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் டிவிதான் படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுக்கும், ஆகவே குரலைச் சில மில்லிசெகண்ட் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். முகத்தை நெருக்கமாகக் காட்டும் ஒரு வசனக் காட்சியை வைத்துக்கொண்டு 20, 40 என்று ஏற்றிப் பாருங்கள்.

சப்டைட்டிலுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ரிமோட்டில் 'சப்டைட்டில்' பட்டன், டிவிடியில் 32 வரை வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டியிருந்தால் மெனுவில் 'டிபால்ட் சப்டைட்டில்' வரியில் மொழியைத் தேர்ந்து வைத்துவிடுங்கள். யுஎஸ்பியில் படம் பார்ப்பவர்கள், சப்டைட்டில் கோப்புக்கும் படக் கோப்புக்கும் ஒரே பெயர் வையுங்கள், அப்போதுதான் பிளேயர் இரண்டையும் சேர்க்கும். தமிழ் எழுத்தில் இருக்கும் கோப்பு பல பழைய பிளேயர்களில் வெறும் கட்டங்களாக வரும், பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம்.

கடைசியாக, கடையில் வாங்காத டிஸ்க்குகள். காவடித் திருவிழா, கல்யாணம், பூப்பு நீராட்டு என்று வீடியோக்காரர் பதிந்து கொடுத்தவை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். அவை கடை டிஸ்க் மாதிரி அச்சில் அழுத்தியவை அல்ல, டிவிடி-ஆர் அல்லது டிவிடி+ஆர், சாயப் பூச்சில் லேசரால் எழுதியவை. பதிந்த பிறகு 'பைனலைஸ்' செய்யாவிட்டால், அதாவது பதிவை முடித்து மூடாவிட்டால், எழுதிய மெஷினில் மட்டும் ஓடும், வேறு பிளேயரில் 'டிஸ்க் இல்லை' என்று வரும். நேராக டிஸ்க்கிலேயே பதிந்த பழைய கேமரா இன்னும் வேலை செய்கிறதென்றால் அதிலேயே போட்டு மெனுவில் பைனலைஸ் செய்துவிடுங்கள். அந்தக் கேமராக்களில் வந்த 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க்கைத் தட்டு வெளியே வரும் பிளேயரில் மட்டும் வையுங்கள், வாயில் திணிக்கும் வகையில் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சாயம் வெயிலிலும் டர்பன் புழுக்கத்திலும் வெளிறும். ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, சுற்றிச் சுற்றித் தேய்க்கவே கூடாது. எங்கள் தாத்தா காவடி எடுத்த வருடத்து டிஸ்க் பாதியில் நின்றுபோகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இதில் அக்கறை வந்தது. கணினியில் போட்டு 'வீடியோ_டிஎஸ்' என்ற போல்டரை முழுசாக நகல் எடுத்தேன். முக்கால்வாசி வந்தது. மீதியை வேறொரு பழைய டிரைவில் போட்டபோது அது படித்துவிட்டது. ஒவ்வொரு டிரைவின் லேசரும் ஒவ்வொரு மாதிரி, ஒன்றில் முடியாவிட்டால் இன்னொன்றில் முயன்று பார்க்கத் தயங்காதீர்கள். இப்போது அது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று டோங்காட்டில் மாமா வீட்டில். உங்கள் பெட்டியில் மிகப் பழைய தேதி போட்ட டிஸ்க் எதுவோ, இந்த வாரம் அதை முதலில் எடுங்கள்.